அமோனியா

தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில்.
ஐஸ் பிளாண்டில் கம்ப்ரசரை நிறுத்தி
சாவியை முதலாளியிடம் கொடுத்தாயிற்று.
மார்த்தாண்டத்திலிருந்து கொளச்சலுக்கு
மூன்றடிக் கண்ணாடித் தொட்டி ஒன்று
ஆட்டோவில் என் மடிமேல் குறுக்கே கிடந்து வந்தது.

மணவாளக்குறிச்சி மண்ணை அள்ளிப் போட்டுராதீங்க,
கருமணல் ஆகாது என்றான் கடைக்கார ஷிபின்.
வெள்ளை மணல் ஒரு சாக்கு விலைக்கு வாங்கினேன்,
கடலுக்கு நூறடி தள்ளி வீடிருந்தும்.

தண்ணீர் மட்டும் இலவசம்.
மழை வெறித்த ஒரு காலையில்
முட்டத்துப் பாறைக்கு அந்தப் பக்கம் இறங்கி
ஏழு கேன் மொண்டேன்.
தூண்டில் வளைவோரம் உருண்டு கிடந்த
சிப்பி ஒட்டிய கல் இரண்டு.

மீன் விடக்கூடாது.
முதலில் ஏதாவது அழுக வேண்டும்.

சந்தையில் பனிமேரியிடம் றால் கேட்டேன்.
'எத்தன கிலோ?'
'ஒண்ணு.'
'ஒரு கிலோவா?'
'ஒரு றால்.'
பெண்கள் சிரித்த சிரிப்பில்
கூடைமேல் இருந்த ஈயெல்லாம் எழும்பிப் போயிற்று.
'நீயும் பொண்டாட்டியும் பாதி பாதியா மக்கா?'
காசு வாங்கவில்லை.

தோலோடு போட்டேன்.
மூன்றாம் நாள் அதன்மேல் பஞ்சு படர்ந்தது.
ஐந்தாம் நாள் ஜெர்லின் மூக்கைப் பொத்திக்கொண்டு
அடுக்களைக் கதவைச் சாத்தினாள்.

சோதனைக் குழாயில் கொஞ்சம் தண்ணீர்,
எண்ணி எட்டுச் சொட்டு. குலுக்கிவிட்டுக் காத்திரு.
மஞ்சளாகவே நின்றால் ஒன்றுமில்லை.
வாழையிலைப் பச்சை வந்தது.
அமோனியா.

பதினாறு வருடப் பழக்கம் எனக்கும் அதற்கும்.
பைப்பில் ஊசிமுனை கசிந்தாலும்
ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு ஓடியிருக்கிறோம்.
ஆன்றோவின் இடது கண்ணில்
இன்றும் ஒரு வெள்ளை உண்டு.
செத்த மீனைக் கொச்சி வரைக்கும்
நேற்றுச் செத்ததுபோல வைத்திருப்பது அதுதான்.
உயிருள்ள மீனை ஒரே ராத்திரியில் முடித்துவிடும் என்பது
இந்தப் பச்சையைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

இனி என் கையில் ஒன்றுமில்லை.
கண்ணுக்குத் தெரியாத யாரோ
கல்லின் பொத்தலில், மணலின் இடுக்கில்
குடியேறி அதைத் தின்ன வேண்டும்.
தின்று அவர்கள் கழிப்பதும் நஞ்சு.
அந்த நஞ்சைத் தின்ன
வேறொரு கூட்டம் வரவேண்டும்.
அவர்களுக்கு ஒரு அவசரமும் கிடையாது.

மீட்டர் ரீடிங் எடுக்க வந்தவர் கேட்டார், மீன் எங்கே.
அன்பியத்துப் பெண்கள் ஜெபம் முடித்துக் கேட்டார்கள்.
'வெறும் தண்ணியவா பார்த்துக்கிட்டு இருக்க?'
ஆமா.

அடுத்த குழாய் கத்தரிப்பூ நிறமானது.
பதினொரு நாள் அதிலேயே நின்றது.
கண்ணாடியில் பழுப்பு படிந்தது, துடைத்தேன்,
மறுநாள் இன்னும் பழுப்பு.

ஒரு ராத்திரி காற்றில் கம்பி அறுந்து
கரண்ட் போயிற்று, மோட்டார் நின்றது.
பேர் தெரியாத அந்தக் கூட்டம் மூச்சுமுட்டிச் சாகாதிருக்க
கப்பால் மொண்டு மொண்டு
உயரத்திலிருந்து ஊற்றினேன்.
இரண்டு மணிக்கு ஜெர்லின் எழுந்து வந்தாள்.
கொஞ்சநேரம் நின்றாள்.
தள்ளு, என்று கப்பை வாங்கிக்கொண்டாள்.

முப்பத்தாறாம் நாள்
ஒரு குழாய் எலுமிச்சை மஞ்சள், மற்றது மங்கின நீலம்.
பாதித் தண்ணீர் மாற்றினால் போதும்.
'ரெண்டு கோமாளி மீன் எடுத்து வைக்கேன்'
என்றான் ஷிபின் போனில்.

அன்றிரவு டார்ச் அடித்துப் பார்த்தேன்.
கல்லின் பொத்தலிலிருந்து
சுண்டுவிரல் நகத்தளவு நண்டு,
கொடுக்கு ஒன்றுதான் மிச்சம்,
றாலின் கடைசித் தோலை இழுத்துக்கொண்டு
பின்பக்கமாக உள்ளே போயிற்று.
பச்சையிலும் கத்தரிப்பூவிலும்
இத்தனை நாளும் இருந்திருக்கிறது.
நான்தான் ஊருக்கெல்லாம்
காலி என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

காலையில் பிளாண்டிலிருந்து ஆள் வந்தது,
ஒன்றாம் தேதி கம்ப்ரசர் ஓட்டணும் என்று.
சரி என்றேன்.
கேன்களைக் கட்டிக்கொண்டு
முட்டத்துக்கு வண்டியைத் திருப்பினேன்.